அந்தம்மாவின் பெயர் என்ன?

1/
என்னிடம் பல வருடமாக பிபி மாத்திரைக்கு வரும் ஒருவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேமரா என்றால் உயிர். போன மாதம் செக்கப்புக்கு வந்தவர், பிபி பார்ப்பதற்கு முன்னாடியே லேப்டாப்பைத் திறந்துவிட்டார். எட்டு பேர் சேர்ந்து "கலாச்சாரம் மற்றும் புகைப்படச் சுற்றுலா" என்று ஒரு க்ரூப் டூர் போய்விட்டு வந்திருக்கிறார். எந்த நாடு தெரியுமா? கயானா.

2/
"ஆப்பிரிக்காவில் இருக்கிற கானாவா?" என்று கேட்காதீர்கள். இது தென் அமெரிக்கா. வெனிசுலாவுக்கும் சுரினாமுக்கும் நடுவில், பிரேசிலுக்குத் தலைமாட்டில் இருக்கிறது. பரப்பளவு தமிழ்நாட்டைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். மக்கள்தொகையோ பத்து லட்சம்கூடக் கிடையாது. தென் அமெரிக்காவில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக வைத்திருக்கும் ஒரே நாடு. நாட்டு மக்களில் பத்துக்கு நாலு பேர் இந்திய வம்சாவளி.

3/
படங்கள் அபாரம். 226 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே பாய்ச்சலாகக் கொட்டும் கயட்டூர் அருவி. ஜார்ஜ்டவுனில் மரத்தாலேயே கட்டிய பிரம்மாண்டமான தேவாலயம். ஸ்டாப்ரூக் மார்க்கெட்டின் மணிக்கூண்டு. கடைசியில் ஒரு படத்தில் என் கண் நின்றுவிட்டது. பெர்பிஸ் பகுதியில் ஒரு மாரியம்மன் கோயில் வாசல். மஞ்சள் புடவை, கையில் வேப்பிலை, முகமெல்லாம் சுருக்கம். அசப்பில் நம் ஊர் ஆடி மாதக் கூழ் வரிசையில் நிற்கும் ஒரு பாட்டி.

4/
"அந்தம்மா பேரென்ன சார்?" என்றேன்.
"அட, கேக்கலையே டாக்டர்..."
அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் எத்தனையோ ஊரில் எத்தனையோ பேரைப் படம் எடுத்திருக்கிறேன், ஒருவரிடமும் பெயர் கேட்டதில்லை. ஆனால் இந்த நாட்டின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் உறுத்தும். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

5/
முதலில் மண்ணைப் பாருங்கள். அங்கே கடலோரச் சாலையில் போகும் எல்லோரும் படம் எடுக்கும் ஒரு பொருள் உண்டு. மரத்தாலான மதகு. அதை அங்கே "கோக்கர்" என்கிறார்கள், டச்சுச் சொல். கடல் வற்றும்போது மதகைத் திறந்து உள்ளே தேங்கிய நீரை வெளியே விடுவார்கள். கடல் ஏறும்போது மூடிவிடுவார்கள். ஏனென்றால் மக்களில் பெரும்பாலானோர் வாழும் அந்தக் கடலோர நிலம், கடல் ஏறும்போது கடல் மட்டத்துக்கும் கீழே போய்விடும்.

6/
அந்த நிலம் மனிதக் கைகளால் மீட்கப்பட்டது. டச்சுக்காரர்கள் காலத்தில் தொடங்கி, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சேற்றில் இடுப்பளவு இறங்கி, மண்வெட்டியால் வெட்டிய கால்வாய்கள் அவை. 1940களின் இறுதியில் வந்த வென் கமிஷன் ஒரு கணக்குப் போட்டது. கரும்புத் தோட்டம் ஒரு சதுர மைலுக்கு 49 மைல் வடிகால், 16 மைல் மேட்டுக் கால்வாய். இத்தனையும் வெட்ட அள்ளிய மண் குறைந்தது 10 கோடி டன். புல்டோசர் இல்லாத காலம், ஞாபகம் இருக்கட்டும்.

7/
அந்த மண்ணில் விளைந்த கரும்புதான் "டெமராரா சர்க்கரை". இன்றும் சூப்பர் மார்க்கெட்டில் பழுப்பு நிறத்தில் பாக்கெட்டில் கிடைக்கிறதே, அதே பெயர்தான். டெமராரா என்பது ஜார்ஜ்டவுன் ஓரமாக ஓடும் ஆறு. 1763ல் பெர்பிஸிலும் 1823ல் டெமராராவிலும் அடிமைகள் பெரும் கிளர்ச்சி செய்தார்கள். இரண்டும் ரத்தத்தில் அடக்கப்பட்டன. 1823 கிளர்ச்சி தொடங்கிய தோட்டத்தின் முதலாளி ஜான் கிளாட்ஸ்டன். பின்னாளில் நாலு முறை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த வில்லியம் கிளாட்ஸ்டனின் அப்பா.

8/
1834ல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. இழப்பீடு கொடுத்தார்கள். யாருக்கு? அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு பென்னிகூட இல்லை. முதலாளிகளுக்கு. ஜான் கிளாட்ஸ்டனுக்கு மட்டும் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல். பணம் வந்துவிட்டது, கரும்பு வெட்ட ஆள்? விடுதலையானவர்கள் இனி அந்தக் கூலிக்கு வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். 1836லேயே கல்கத்தாவில் இருந்த ஒரு கம்பெனிக்குக் கடிதம் எழுதி, இந்தியாவிலிருந்து ஆள் அனுப்ப முடியுமா என்று கேட்டுவிட்டார்.

9/
1838 ஜனவரி. கல்கத்தாவிலிருந்து விட்பி, ஹெஸ்பெரஸ் என்று இரண்டு கப்பல்கள் கிளம்பின. ஏறியவர்கள் 414 பேர். மே 5 அன்று கயானாவை அடைந்தபோது உயிரோடு இருந்தவர்கள் 396. ஹெஸ்பெரஸில் காலரா. இன்றும் கயானாவில் மே 5 "வந்திறங்கிய நாள்" என்று அரசு விடுமுறை. விட்பி கப்பலின் வெண்கல மாதிரி ஜார்ஜ்டவுன் பூங்கா ஒன்றில் நிற்கிறது. டூரில் கட்டாயம் அங்கே கூட்டிப்போவார்கள்.

10/
ஒரு மருத்துவனாக என்னை நிறுத்திவைத்த விஷயம் இங்கேதான். ஹெஸ்பெரஸ் கப்பலின் டாக்டர் தியோஃபிலஸ் ரிச்மண்ட் என்ற இளைஞர். அந்தப் பயணத்தை நாட்குறிப்பாக எழுதினார். பிற்காலத்தில் அது புத்தகமாகவும் வந்தது. கப்பலில் காலராவோடு போராடிக் கரை சேர்ந்தவர், கயானாவில் இறங்கிய சில மாதங்களிலேயே மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார்.

11/
மஞ்சள் காய்ச்சலைக் கொசுதான் பரப்புகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. தடுப்பூசி வர இன்னும் நூறு வருடம் இருந்தது. இன்று நீங்கள் கயானா போனால், திரும்பி இந்தியாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். என் பேஷண்டும் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் வரிசையில் நின்று போட்டுக்கொண்டுதான் போனார். "சின்ன மஞ்சள் புத்தகத்துக்கு இவ்வளவு அலைச்சலா டாக்டர்" என்று சலித்துக்கொண்டார். அந்தப் புத்தகம் கிடைக்காமல் செத்தவர் ஒரு டாக்டர் சார்!

12/
சரி, இறங்கியவர்கள் கதைக்கு வருவோம். ஒப்பந்தம் ஐந்து வருடம். கிளாட்ஸ்டனின் ஃப்ரீட்-என்-ஹூப் தோட்டத்தில் ஆட்களைச் சாட்டையால் அடித்து, காயத்தில் உப்பு நீர் தேய்த்தார்கள். அடிமை எதிர்ப்புச் சங்கத்தைச் சேர்ந்த ஜான் ஸ்கோபிள் நேரில் போய்ப் பார்த்து அதை அம்பலப்படுத்தினார். ஆள் அனுப்புவது சில வருடம் நிறுத்தப்பட்டது. ஒப்பந்தம் முடிந்ததும் பெரும்பாலானோர் ஊர் திரும்பிவிட்டார்கள். அங்கேயே தங்கியவர்கள் சுமார் 60 பேர். கிட்டத்தட்ட நூறு பேர் திரும்பவும் இல்லை, தங்கவும் இல்லை. இறந்துவிட்டார்கள்.

13/
1845ல் மறுபடி தொடங்கினார்கள். இந்த முறை மெட்ராஸ் துறைமுகத்திலிருந்தும். 1917ல் இந்த முறை நிறுத்தப்படும்வரை கயானாவுக்குப் போன இந்தியர்கள் சுமார் 2 லட்சத்து 39 ஆயிரம் பேர். பெரும்பாலோர் இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார் பக்கம். மெட்ராஸிலிருந்து சுமார் 15 ஆயிரம். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். ஒட்டுமொத்தமாக எல்லோருக்கும் அங்கே ஒரே பெயர்: "மதராஸி".

14/
கப்பல் ஏறும் ஒவ்வொருவருக்கும் ஒரு அனுமதிச் சீட்டு உண்டு. பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஊர், உடலில் உள்ள தழும்பு. கீழே டாக்டர்களின் சான்று: உடல், மன நோய் எதுவும் இல்லை, அம்மை குத்தியாகிவிட்டது, பயணத்துக்குத் தகுதியானவர். நாங்களும் தினமும் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் எழுதுகிறோம். அந்தச் சீட்டின் மாதிரியைப் பார்த்தபோது எனக்குக் கை கூசியது. அந்த மனிதர் எதற்குத் "தகுதி" என்று கையெழுத்துப் போட்ட டாக்டருக்குத் தெரிந்திருக்குமா?

15/
இந்தச் சீட்டுகளில்தான் பெயர்களும் உருமாறின. சொன்னவர் சொன்னது ஒன்று, எழுதியவர் காதில் விழுந்தது ஒன்று. பெருமாள் "பெர்மால்" ஆனார். நாகமுத்து "நாகமூட்டூ" ஆனார். அப்பாவின் பெயரோ தன் பெயரோ எது ஒட்டிக்கொண்டதோ, அதுவே குடும்பப் பெயர். வெஸ்ட் இண்டீஸ் அணிக்கு இடதுகை சுழற்பந்து வீசிய வீராசாமி பெர்மால் நினைவிருக்கிறதா? 2015 முதல் 2020 வரை கயானாவின் பிரதமர் மோசஸ் நாகமூட்டூ. மொழி போய்விட்டது. பெயர் மட்டும் தேய்ந்து, உருண்டு, ஆனாலும் மிச்சம் இருக்கிறது.

16/
இன்னொரு பக்கம், பெயரே இல்லாமல் போனவர்கள். நூறு வருடத்துக்கு முன் அந்தப் பக்கத்துத் தீவுகளிலும் கயானாவிலும் இந்தியப் பெண்களின் படம் போட்ட தபால் அட்டைகள் விற்றன. மூக்குத்தி, வளையல், கழுத்து நிறைய வெள்ளி. அந்த வெள்ளி, கூலியாக வந்த காசை உருக்கிச் செய்தது. கழுத்தில் போட்டிருந்தது அவர்களின் பேங்க் பேலன்ஸ்! அட்டையின் கீழே அச்சிட்டிருப்பது "கூலிப் பெண்" என்று மட்டும். அந்த முகங்களுக்குப் பெயர் கிடையாது.

17/
கயானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த காயித்ரா பகதூர் என்ற பத்திரிகையாளர், 1903ல் கர்ப்பிணியாகத் தன்னந்தனியே கல்கத்தாவில் கப்பல் ஏறிய தன் கொள்ளுப்பாட்டியைத் தேடி ஒரு புத்தகமே எழுதினார். 2013ல் வந்தது. அவருக்குக் கையில் கிடைத்த தொடக்கப் புள்ளி எது? மேலே சொன்னேனே, அதே அனுமதிச் சீட்டு. சுஜாரியா என்ற பெயர் அதில் இருந்தது. ஒரு பெயர் இருந்ததால் ஒரு வாழ்க்கையைத் தேட முடிந்தது. தபால் அட்டைப் பெண்களைத் தேட எங்கே போவது?

18/
அடுத்து எஸ்டேட் டாக்டர்கள். ஆரம்பத்தில் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது தோட்ட முதலாளிகள். அப்படியென்றால் "இவருக்குக் காய்ச்சல், இன்று வேலைக்குப் போகக்கூடாது" என்று எழுதும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்? அங்கே நீதிபதியாக இருந்த டெ வூ என்பவர் 1869 கிறிஸ்துமஸ் அன்று லண்டனுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி இதையெல்லாம் போட்டு உடைத்தார். விசாரணைக் கமிஷன் வந்தது. அதன் பிறகே எஸ்டேட் மருத்துவர்கள் அரசு ஊழியர் ஆனார்கள். டாக்டருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பது இன்றைக்கும் கேட்க வேண்டிய கேள்விதான்.

19/
அப்படியும் சாவு குறையவில்லை. காரணம் மலேரியா. பல ஆண்டுகளில் பிறப்பைவிட இறப்பு அதிகம். 1922ல் ஜார்ஜ் ஜிக்லியோலி என்ற இத்தாலிய டாக்டர் பாக்சைட் கம்பெனி வேலைக்காக அங்கே போனார். திரும்பவே இல்லை என்று சொல்லலாம், அரை நூற்றாண்டு அங்கேயே உழைத்தார். மலேரியாவுக்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் உள்ள தொடர்பை எழுதினார். எந்தக் கொசு ஆளைக் கொல்கிறது என்று தேடினார். அகப்பட்டது: அனோஃபிலஸ் டார்லிங்கி. பெயரில்தான் டார்லிங்.

20/
அந்தக் கொசு வாய்க்காலிலும் நெல் வயலிலும் வளரும். வீட்டுக்குள் வந்து கடிக்கும், சுவரில் உட்காரும். அந்தச் சுவரில்தான் அவர் கை வைத்தார். 1940களின் நடுவில் கடலோர வீடுகளின் சுவர்களில் டிடிடி அடிக்கத் தொடங்கினார்கள். சில வருடங்களில் கடலோரத்தில் மலேரியா காணாமல் போனது. குழந்தைகள் பிழைத்தன. இன்று கயானாவில் நீங்கள் படம் எடுக்கும் அறுபது, எழுபது வயது முகங்களில் பலர் அந்த மருந்தடிப்புக்குப் பிறகு பிறந்து பிழைத்தவர்கள். அந்த மஞ்சள் புடவைப் பாட்டியும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

21/
இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. 1960களில் டெமராரா ஆற்று முகத்துவாரப் பகுதியில் மலேரியா திரும்ப வந்தது. டார்லிங்கி இல்லை, வேறு கொசு. அதுவரை மாட்டையும் கழுதையையும் கடித்துக்கொண்டு சிவனே என்று இருந்த கொசு. டிராக்டர் வந்தது, மேய்ச்சல் நிலம் நெல் வயலானது, மாடுகள் குறைந்தன. பசித்த கொசு மனிதன் பக்கம் திரும்பியது. கண்டுபிடித்து எழுதியதும் ஜிக்லியோலிதான். ஊர் மாறினால் நோயும் மாறும்.

22/
கடைசியாகக் காட்டுக்குள் போவோம். டூரில் உள்நாட்டு ரூப்புனூனி புல்வெளியும் மக்கூஷி பழங்குடிக் கிராமங்களும் இருக்கும். ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டர் தசைகளைத் தளர்த்த ஒரு ஊசி போடுவார். அட்ராக்யூரியம், வெக்யூரோனியம் என்று பெயர்கள். நடுவில் வருகிற அந்த "க்யூர்" எங்கிருந்து வந்தது? க்யூராரே. மக்கூஷி மக்கள் கொடிகளைக் காய்ச்சி அம்பில் தடவிய நஞ்சு. தசைகள் செயலிழக்கும், மூச்சு நிற்கும்.

23/
1812ல் சார்ல்ஸ் வாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் அதைத் தேடிக் கயானா காட்டுக்குள் போய் வாங்கி வந்தார். 1814ல் லண்டனில் ஒரு கழுதைக்கு அதைச் செலுத்தினார்கள். மூச்சு நின்றது. மூச்சுக்குழாயில் துளையிட்டுத் துருத்தியால் காற்று அடித்தார்கள். நஞ்சின் வீரியம் தீர்ந்ததும் கழுதை எழுந்து நின்றது! இன்றைய வெண்டிலேட்டருக்கு ஒரு மூதாதை. 1942ல் மான்ட்ரியலில் ஹெரால்ட் கிரிஃபித் க்யூராரேயை அறுவை சிகிச்சை மயக்கத்தில் பயன்படுத்தினார். மயக்கவியலே மாறிப்போனது.

24/
அந்தக் கழுதையின் பெயர் வூராலியா. 1839 வரை சுகமாக வாழ்ந்தது. கழுதையின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. ஆனால் அந்த நஞ்சைக் காய்ச்சக் கற்றுவைத்திருந்த, அதைக் கையில் எடுத்துக் கொடுத்த மக்கூஷி மனிதர் ஒருவரின் பெயரைக்கூட நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை. இதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

25/
இப்போது மாரியம்மன் கோயிலுக்குத் திரும்புவோம். மதராஸிகளின் வழிபாட்டை அங்கே "காளி மாய் பூஜை" என்பார்கள். தப்பு அடித்து, வேப்பிலை வைத்து, சாமி வந்து ஆடி, ஆடு கோழி பலி கொடுத்து. வெள்ளைக்காரர்கள் அதைக் காட்டுமிராண்டித்தனம் என்றார்கள். இந்துக்களிலேயே பலர் ஒதுக்கினார்கள். பேச்சுத் தமிழ் போனபிறகும் பூஜையில் தமிழ்ச் சொற்கள் மிச்சம் இருக்கின்றன. மருந்து இல்லாத எஸ்டேட்டில் அம்மை, காய்ச்சல், பிள்ளை சாவு என்று எல்லாவற்றையும் கொண்டுபோய் இறக்கிவைக்க அவர்களுக்கு இருந்த இடம் அது. அங்கே நிற்கும் பாட்டியை "கலர்ஃபுல் லோக்கல்" என்று மட்டும் பார்த்துவிட்டு வர முடியுமா?

26/
டூர் போவது தப்பே இல்லை. போங்கள், நன்றாகச் சுற்றுங்கள். கயட்டூரைப் பாருங்கள், தாமரை இலையில் ஏழு கறி பரிமாறுவார்கள், சாப்பிடுங்கள். ஒரு டாக்டராக நாலு விஷயம் மட்டும்:

ஒன்று: மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிளம்புவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பு போடுங்கள். 60 வயது தாண்டியவர்கள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், முட்டை அலர்ஜி உள்ளவர்கள் முதலில் டாக்டரிடம் பேசுங்கள்.
இரண்டு: கடலோரத்தில் மலேரியா பயம் குறைவு. காட்டுப் பகுதியில் இன்றும் உண்டு. தடுப்பு மாத்திரை கேட்டு வாங்குங்கள்.

27/
மூன்று: ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியைப் படம் எடுக்க வேண்டுமென்றால் நாங்கள் ஒப்புதல் வாங்க வேண்டும். முகத்துக்கு முன்னால் கேமராவைத் தூக்கும் முன் நீங்களும் கேளுங்கள். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். சாமி வந்து ஆடுகிறவரிடம் கேட்க முடியாது, அப்போது கேமராவை இறக்கிவிடுங்கள்.
நான்கு: பெயர் கேளுங்கள். எழுதி வையுங்கள். முடிந்தால் ஒரு பிரிண்ட் போட்டு அனுப்புங்கள்.

28/
2023ல் கிளாட்ஸ்டன் குடும்பத்தின் வாரிசுகள் கயானாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள். இருநூறு வருடம் ஆகியிருக்கிறது அதற்கு. நம்மிடம் யாரும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. ஒரு பெயரைக் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? பத்து விநாடி.

29/
நேற்று என் பேஷண்டிடமிருந்து வாட்ஸப். அந்தப் படத்தைக் கூட்டிப்போன கைடுக்கு அனுப்பி, பெரிய பிரிண்ட் போட்டு அந்தம்மாவிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறாராம். "பேரையும் கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கேன் டாக்டர். தெரிஞ்சா சொல்றேன்."
தெரிந்தாலும் அதை இங்கே எழுத மாட்டேன். அது அந்தம்மாவின் பெயர். ஆனால் அவருடைய ஆல்பத்தில் அந்தப் படத்துக்குக் கீழே அது இருக்கும். அது போதும்.
பிபி அன்றைக்கு 130/80.